அக்காவுக்குப் பதினெட்டு வயது

20 ஆகஸ்ட் 2025
ஸ்பிரிங்வெளி, பதுளை

மதிப்புக்குரிய றுமைஸா மிஸ் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் உம்மா ஹம்ஸியா டீச்சர் விஞ்ஞானம் படிப்பித்த தோட்டப் பாடசாலையில் தரம் பதினொன்றில் படிக்கிறேன். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அதிபர் உங்கள் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். டீச்சர் காலமாகி நாற்பது நாள் முடிந்துவிட்டது, நினைவு மலர் ஒன்று போடுகிறீர்கள், அவரைப் பற்றித் தெரிந்ததை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். "எங்கள் உம்மாவால் யாருக்காவது மனம் நொந்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள். அவர் செய்து தருவதாகச் சொல்லிச் செய்யாமல் போனது ஏதும் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்." அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் முதல் கடிதத்திலேயே அதை எழுதப் பயமாக இருக்கிறது. முதலில் டீச்சரைப் பற்றி எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் தரத்தில் இருந்தபோதே டீச்சர் பென்ஷன் எடுத்துவிட்டார். ஆனாலும் எங்கள் பாடசாலைக்கு வேறு விஞ்ஞான ஆசிரியர் வராததால் புதன்கிழமைகளில் சும்மாவே வந்து படிப்பித்தார். பதுளையிலிருந்து வரும் ஆறேகால் பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, இரண்டு கிலோமீற்றர் மேலே நடந்து வருவார். மழை நாளில் அவருடைய காலில் அட்டை ஏறியிருக்கும். அதைப் பிடுங்க விடமாட்டார். வகுப்புக்குள் கொண்டு வந்து எங்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டு அதன் மேல் உப்புப் போடுவார். "இப்ப என்ன நடக்குது, செல்லுங்க பாப்போம். உள்ளுக்கு இருந்த தண்ணி ஏன் வெளிய வருது?" என்பார். யாரும் பேசாமல் இருந்தால், "ஒங்கட அம்மாமார் தெனமும் மலையில அட்டைக்கு உப்புப் போட்டுப் பிரசாரணம் செய்யிறாங்க. நீங்க அதுக்குப் பேர் தெரியாம முழிக்கிறீங்க" என்று சிரிப்பார். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் பிழை வராது.

அவருக்குச் சத்தம் போடத் தெரியும். அடிக்கத் தெரியாது. அவதானிக்காததை அவதானித்ததாக எழுதினால் மட்டும் கொப்பியை வீசிவிடுவார்.

பதில் எழுதுவதானால் தோட்டத்து முகவரிக்கு எழுத வேண்டாம். இங்கே கடிதம் எல்லாம் ஒபிஸுக்கு வந்து, பல கை மாறித்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வரும். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் ஸல்மா அக்காவின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அவரும் டீச்சரிடம் படித்தவர். சனிக்கிழமை டியூஷனுக்குப் போகும்போது வாங்கிக்கொள்வேன்.

இந்தக் கடிதம் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். கடிதத் தாளை மடியில் வைத்து எழுதுகிறேன்.

பணிவுள்ள மாணவி,
க. தனுஜா


28 ஆகஸ்ட் 2025
தெஹிவளை

அன்புள்ள தங்கை தனுஜாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வந்த கடிதங்களில் எல்லோரும் உம்மாவை மெழுகுவர்த்தி என்றும் ஏணி என்றும் எழுதியிருக்கிறார்கள். நீ ஒருத்திதான் அட்டையோடு எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். பிறகு அழுதேன்.

நீங்கள் பார்த்த உம்மாவை நாங்கள் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட உம்மாவை. சுபஹு தொழுதுவிட்டு இரண்டு கறி வைத்து, எங்கள் இரண்டு பேருக்கும் வாப்பாவுக்கும் சாப்பாடு கட்டி, ஒரு கையில் சீப்பும் மற்றக் கையில் திருத்தாத கொப்பிகளுமாக நிற்பார். என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே "இதயத்துக்கு எத்தனை அறை?" என்று கேட்பார். பதில் சொல்லாவிட்டால் பின்னல் இறுகும்.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டுவதற்காக இறைச்சிக் கடையில் சொல்லி வைத்து ஆட்டுக் கண் இரண்டு வாங்கி, சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அவசரத்தில் பெட்டி மாறிவிட்டது. பகல் தன் கடையில் வாப்பா மூடியைத் திறந்திருக்கிறார். அன்று பின்னேரம் உம்மா வந்ததும் வாப்பா கேட்டார்: "ஹம்ஸியா, இண்டைக்கு என்ன கறி வெச்சீங்க? நான் பாக்க முந்தி அது என்னப் பாக்குது!" உங்கள் பாடசாலைப் பிள்ளைகள் அன்று வாப்பாவின் சோற்றையும் மாசிச் சம்பலையும் வாய்க்கு ஒன்றாகப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்களாம். பாடம் மறுநாள்தான் நடந்தது.

இதை எல்லாம் மலரில் போடலாமா என்று தெரியவில்லை. என் தம்பி ஜஸீல் மரியாதையான விஷயங்கள் மட்டும் போதும் என்கிறான். உங்கள் பாடசாலையில் புதிதாகக் கட்டிய விஞ்ஞான கூடத்துக்கு உம்மாவின் பெயரை வைக்கப் போகிறார்கள், தெரியுமா?

சரி, நீ எழுதப் பயப்படும் விஷயம் என்ன? உம்மா உனக்கு ஏதாவது தருவதாகச் சொல்லியிருந்தாரா? புத்தகமா? தயங்காமல் எழுது. உம்மா வாக்குக் கொடுத்திருந்தால் நான் நிறைவேற்றுவேன்.

அன்புடன்,
றுமைஸா


8 செப்டம்பர் 2025
ஸ்பிரிங்வெளி

மதிப்புக்குரிய மிஸ்ஸுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை ஸல்மா அக்காவின் கடையிலேயே நின்று மூன்று தடவை வாசித்தேன். ஆட்டுக் கண் கதையைச் சொன்னதும் அவருக்குத் தையல் ஊசி பிசகிவிட்டது. அந்த ஒன்பதாம் வகுப்பில் அவரும் இருந்தாராம். தனக்குக் கிடைத்தது சம்பல் மட்டும்தான் என்கிறார்.

இனி விஷயத்தை எழுதுகிறேன். எழுதிவிட்டு மறுபடி வாசிக்க மாட்டேன். வாசித்தால் கிழித்துவிடுவேன்.

எனக்கு வரும் டிசம்பரில்தான் பதினாறு வயது. ஆனால் பாடசாலை இடாப்பில் என் பெயர் விஜயலெட்சுமி. பிறந்த திகதி 14 அக்டோபர் 2007. அது என் அக்காவின் பெயர், அக்காவின் திகதி. அவர் ஏழு மாதத்தில் இறந்துவிட்டார். அந்த மரணத்தை யாரும் பதியவில்லை. நான் பிறந்தது லயத்தில். அம்மாவுக்கு அப்போது கடுமையான சுகவீனம். என்னுடைய பிறப்பையும் யாரும் பதியவில்லை.

2015 ஜனவரியில் அப்பா என்னை முதலாம் தரத்தில் சேர்க்கக் கூட்டிப் போனார். அந்த மாதம் அதிபர் லீவு. ஹம்ஸியா டீச்சர்தான் பதில் அதிபர். பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் சேர்க்க முடியாது என்று டீச்சர் சொன்னார். அப்பா அழுதாராம். வீட்டில் வேறு எந்தப் பத்திரமும் இல்லையா என்று டீச்சர் கேட்டிருக்கிறார். அப்பா அக்காவின் பத்திரத்தைக் காட்டியிருக்கிறார். டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு இதையே வைப்போம். புள்ளட ஒரு வருசத்த வீணாக்க ஏலா. பொறகு நானே திருத்தித் தாறேன்" என்று சொல்லி, இடாப்பில் அக்காவின் பெயரை எழுதி என்னைச் சேர்த்துக்கொண்டார். அப்பா இதை டீச்சரின் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்வார். போன வருடம் அடையாள அட்டையும் அக்காவின் பெயரில்தான் வந்தது.

ஜூன் மாதம் டீச்சருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு வீட்டுக்குப் பார்க்கப் போனேன். கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, "புள்ள, ஒண்ட பேர்ல நான் ஒரு பொய்ய எழுதி வெச்சிட்டேன். அத நான்தான் அழிக்கணும். ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும், சமாதான நீதவானுக்கு முன்னால கையெழுத்து வெச்சித் தாறேன்" என்றார். பெருநாள் முடிந்தது. ஜூலை ஆறாம் திகதி டீச்சர் காலமாகிவிட்டார்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், அக்டோபர் 14ஆம் திகதி அக்காவுக்குப் பதினெட்டு வயது ஆகிறது. அதற்கு இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, எனக்குக் கல்யாணப் பதிவு வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை என் அத்தையின் மகன் ரஜீவ். கொழும்பில் பேக்கரியில் வேலை. கெட்டவர் இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

என் அம்மா மூன்று வருடமாகக் குவைத்தில் இருக்கிறார். அப்பா ஃபெக்டரியில் ராக் காவல். வயதுக்கு வந்த பெண்ணைச் சின்னத் தம்பியோடு தனியாக லயத்தில் விட்டுப் போக அவருக்குப் பயம். அதனால் அத்தை வந்து வாசலில் பாய் போட்டுப் படுக்கிறார். எத்தனை நாளைக்கு இப்படிப் படுப்பது, கட்டி வைத்துவிட்டால் ஒரு வேலை முடிந்துவிடும் என்பது அத்தையின் எண்ணம். "எனக்கு இன்னும் பதினாறே ஆகலையே" என்று சொன்னேன். "அது நமக்குத் தெரியும்டி. ரெஜிஸ்டராருக்குத் தெரியுமா? பேப்பரு என்னா சொல்லுதோ அதான் வயசு" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மிஸ், டீச்சர் எழுதி வைத்த தாள் ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா? இல்லாவிட்டாலும், டீச்சர் தெரிந்தே மாற்றி எழுதினார் என்று நீங்கள் ஒரு கடிதம் தர முடியுமா?

நீங்கள் மன்னிக்கச் சொல்லியிருந்தீர்கள். மன்னித்துவிட்டேன் என்று சும்மா எழுதினால் டீச்சரே கொப்பியை வீசியிருப்பார்.

தனுஜா


16 செப்டம்பர் 2025
தெஹிவளை

தனுஜாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை.

முப்பத்திரண்டு வருடம் அரசாங்கச் சேவையில் இருந்தவர் என் உம்மா. ஒரு நாள் பிந்திப் போனாலும் வரவுப் பதிவில் சிவப்பு மையால் தானே பிந்திய நேரத்தை எழுதியவர். அவர் பொய்யான பெயரை இடாப்பில் எழுதினார் என்கிறாய். இல்லாத மனுஷியைக் குற்றம் சொல்வது எளிது. அவரால் எழும்பி வந்து பதில் சொல்ல முடியாது.

ஜஸீலிடம் கேட்டேன். உம்மாவின் அலுமாரியில் அப்படி ஒரு தாளும் இல்லை என்கிறான். இப்படி ஒரு கதை வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போனால் விஞ்ஞான கூடத்துப் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னான். அது எனக்கும் கவலைதான். மறைக்க மாட்டேன்.

உன் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் உன் உண்மையான வயதைச் சொல்ல வேண்டியவர் உன் அப்பா. பெற்ற தகப்பன் வாயைத் திறந்தால் போதாதா? என் உம்மாவின் பெயர் எதற்கு?

நான் கேட்டது மன்னிப்பு. நீ அனுப்பியது முறைப்பாடு.

றுமைஸா


22 செப்டம்பர் 2025
ஸ்பிரிங்வெளி

மதிப்புக்குரிய மிஸ்ஸுக்கு,

வணக்கம். நீங்கள் கோபப்பட்டது சரிதான். என் அம்மாவைப் பற்றி யாராவது இப்படி எழுதினால் நானும் கோபப்படுவேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். நேற்று அப்பாவிடம் பேசினேன். அவர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "அப்பா, நீங்க போயி ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றேன்.

"என்னான்னு சொல்றது? செத்த புள்ள பத்திரத்தக் குடுத்து உசிரோட இருக்கிறத பள்ளிக்கூடத்தில சேத்தேன்னு சொல்றதா? என்னய உள்ள போட்டுருவாங்க. ஒங்க அம்மா அங்க, நான் உள்ள, நீயும் தம்பியும் யாருகிட்ட நிப்பீங்க?"

"டீச்சர் சொல்லித்தானே செஞ்சீங்க?"

"அத யாரு நம்புவா? அந்தம்மா பெரிய டீச்சரு. நான் காவக்காரன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "என்னாண்ணே கெஞ்சிக்கிட்டு? படிச்சிக் கிழிச்சது போதும்னு சொல்லு" என்றார். அப்பா அத்தையைப் பார்த்து, "நீ கொஞ்சம் வாய மூடு" என்று சொல்லிவிட்டு டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா அத்தையை அப்படிச் சொன்னதை இதற்கு முன்பு நான் கேட்டதில்லை. ஆனாலும் பதிவாளருக்குச் சொன்ன திகதியை அவர் மாற்றவில்லை.

அப்பா பயப்படுவது தனியாகப் பழி ஏற்க வேண்டி வருமே என்றுதான். டீச்சருக்கும் இதில் பங்கு உண்டு என்று யாராவது சொன்னால் அவர் வாயைத் திறப்பார் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் டீச்சரின் பெயர் வேண்டும். அவருடைய பெயரைக் கெடுக்க இல்லை.

பரிசோதனை எழுதும்போது டீச்சர் கொப்பியின் நடுவில் கோடு போடச் சொல்வார். ஒரு பக்கம் அவதானிப்பு, மறுபக்கம் முடிவு. நான் உங்களுக்கு எழுதியது எல்லாம் முதல் பக்கம் மட்டும்தான். டீச்சர் கெட்டவர் என்று மறுபக்கத்தில் நான் எழுதவில்லை.

என் விரலில் மை இருந்ததை இன்று அத்தை பார்த்துவிட்டார். சித்திரப் பாடம் என்று சொன்னேன். நம்பவில்லை. வரும் சனிக்கிழமையோடு டியூஷன் நிறுத்தம்.

தனுஜா


5 அக்டோபர் 2025
ஸ்பிரிங்வெளி

மதிப்புக்குரிய மிஸ்ஸுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வந்திருந்தாலும் நான் பதுளைக்குப் போகாததால் தெரியாது. இதை டிஸ்பென்சரிச் சந்தியில் உள்ள தபால் பெட்டியில் போடுகிறேன்.

சிவப்புச் சேலையும் ரவிக்கைத் துணியும் எடுத்து வந்துவிட்டார்கள். ரவிக்கை அளவுக்கு நின்றபோது அத்தை, "புள்ள இன்னும் வளரும், ரெண்டு பக்கமும் துணி விட்டுத் தைக்கச் சொல்லணும்" என்றார். சொல்லிவிட்டு அவரே ஒரு மாதிரி ஆகிவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகும் பதினோராம் தரப் பொதுப் பரீட்சையை எழுதலாம் என்று ரஜீவ் அத்தான் போனில் சொன்னாராம். கொழும்பிலிருந்து வந்து எப்படி எழுதுவது என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

நினைவு மலருக்கு நான் எழுதிய அட்டைக் கதையைப் போடுவதானால் போடுங்கள். பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போடுவீர்கள் என்று எனக்கே தெரியவில்லை.

தனுஜா


9 அக்டோபர் 2025
தெஹிவளை

அன்புள்ள தனுஜா,

இந்தக் கடிதத்தை ஸல்மாவின் கடைக்கு அனுப்பி, அவள் கையாலேயே உன்னிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பாடசாலைக்குச் சீருடை அளவெடுக்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வருவாள். அளவெடுக்க நேர்ந்தால் நின்று கொடு. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

உன் இரண்டாவது செப்டம்பர் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு கிழமை பதில் எழுதவில்லை. பிறகு பதுளையில் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். ஜஸீல் அலுமாரியைத்தான் பார்த்திருக்கிறான். உம்மா முக்கியமானதை அலுமாரியில் வைக்கமாட்டார் என்பது ஆண்பிள்ளைக்குத் தெரியாது. குசினியில் அரிசி டின்னுக்கு மேல் தட்டில், கேஸ் பில்லுகளோடு உம்மாவின் டயரிகள் இருந்தன. ஒவ்வொரு டயரியின் முதல் பக்கத்திலும் "இந்த வருடம்" என்று தலைப்புப் போட்டுச் செய்ய வேண்டியவற்றை எழுதியிருக்கிறார். 2015இல் இருந்தது இது:

றுமைஸாவின் கல்யாண உடுப்பு.
கடைக் கூரை ஒழுக்கு.
தரம் ஆறுக்கு ஒரு நுணுக்குக்காட்டி, வலயத்தில் கேட்க வேண்டும்.
தனுஜா (இடாப்பில் விஜயலெட்சுமி): அக்காவின் பத்திரத்தில் சேர்த்தேன். உண்மை வயது ஐந்து. பிழை என்னுடையது. திருத்த வேண்டும்.

2016இல் கல்யாண உடுப்பு இல்லை, என் பிரசவம் இருந்தது. கூரை முடிந்திருந்தது. நீ இருந்தாய். 2017இல் வாப்பாவின் கண் ஒப்பரேஷனும் நீயும். இப்படியே பதினொரு டயரி. மற்ற எல்லாவற்றுக்கும் சரி அடையாளம் விழுகிறது. உன்னை மட்டும் ஒவ்வொரு ஜனவரியும் புதுப் பக்கத்துக்குத் தூக்கி எழுதியிருக்கிறார். 2019 பக்கத்தில் "பென்ஷன் எடுத்த பிறகு செய்தால் பிரச்சினை குறைவு" என்று இருக்கிறது. 2020இல் "கொரோனா, காரியாலயம் மூடல்". 2023இல் ஒன்றுமில்லை, பெயர் மட்டும். இந்த வருடம் எழுதிய முதல் வரியே நீதான்.

எனக்கு உம்மா மேல் கோபம் வந்தது. மறந்துவிட்டார் என்றால் மன்னிப்பது சுலபம். அவர் மறக்கவில்லை. பயந்திருக்கிறார். சேவையில் ஒரு கறுப்புப் புள்ளி வந்துவிடும் என்று பயந்து பயந்து, எங்கள் கல்யாணம், பிரசவம், கூரை எல்லாவற்றையும் உனக்கு முன்னால் விட்டிருக்கிறார். நானும் ஒரு மாதமாக அதையேதான் செய்தேன்.

ஜஸீல் டயரியை வாசித்துவிட்டு, "ராத்தா, இத வெளிய காட்டினா உம்மாட பேரு என்னாகும்?" என்றான். "உம்மா தண்ட கையாலயே எழுதி வெச்சிருக்காடா. நாம என்னத்த மறைக்கிற?" என்றேன். இந்தப் பயணத்துக்கு எனக்கு டிக்கெட் எடுத்துத் தந்தவன் அவன்தான்.

ஞாயிறு இரவு ரயிலில் புறப்படுகிறேன். திங்கள் காலை டயரிகளோடு நேரே உங்கள் லயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவை வீட்டில் இருக்கச் சொல். நீ ஒன்றும் விளக்க வேண்டாம். நானே பேசுகிறேன். பிறகு எல்லோருமாகப் பிரதேச செயலகத்துக்குப் போவோம்.

உன்,
றுமைஸா


2 நவம்பர் 2025
ஸ்பிரிங்வெளி

அன்புள்ள றுமைஸா மிஸ்,

வணக்கம். நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக ஸல்மா அக்கா சொன்னார். இந்தக் கடிதத்தை அத்தை பார்க்கத்தான் எழுதுகிறேன். "யாருக்குடி?" என்றார். உங்களுக்கு என்றேன். "அந்தம்மாகிட்ட சொல்லு, கொண்டு வந்த தொதல் நல்லாருந்திச்சுன்னு" என்றார். உங்கள் மேல் அவருக்கு இன்னும் கோபம்தான். செத்துப்போன டீச்சர் எழும்பி வந்து கல்யாணத்தை நிறுத்திவிட்டார் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆனால் சேலையைத் திருப்பிக் கொடுத்து, தம்பிக்குச் சப்பாத்து வாங்கிவிட்டார்.

அன்று லயத்தில் நீங்கள் முதல் டயரியைத் திறந்து அப்பாவிடம் நீட்டியதும், அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கியதும் எனக்கு மறக்காது. அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாமல் நீங்கள் வாசித்துக் காட்டப் பார்த்தீர்கள். "குடுங்க மிஸ்" என்று அவரே வாசித்தார். "பிழை என்னுடையது" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அதற்குப் பிறகுதான் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நம்மோடு புறப்பட்டார். செயலகத்தில் சிறுவர் பிரிவு மிஸ் கேட்டபோது, "எம் மகளுக்குப் பதினஞ்சு வயசுங்க. நான்தான் பத்திரத்த மாத்திக் குடுத்தேன்" என்று சொன்னார். அவரை யாரும் உள்ளே போடவில்லை. கல்யாணப் பதிவு கூடாது என்று எழுதி வாங்கினார்கள். இது எல்லாம் உங்களுக்கே தெரியும். நீங்கள் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

பரீட்சை விண்ணப்பம் அக்காவின் பெயரில் போய்விட்டது. இந்த முறை எழுதினால் சான்றிதழும் அக்காவின் பெயரில்தான் வரும் என்று அதிபர் சொன்னார். யோசித்துச் சொல் என்றார். இரண்டு நாள் யோசித்தேன். இந்த முறை எழுதவில்லை. என் பத்திரம் வந்த பிறகு அடுத்த முறை என் பெயரில் எழுதுகிறேன். எனக்கு வயதில் இரண்டு வருடம் குறைகிறது, படிப்பில் ஒரு வருடம் கூடுகிறது. கணக்குப் பார்த்தால் நட்டமில்லை. ஆனால் என்னோடு படித்தவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள்.

விஞ்ஞான கூடத்துப் பெயர்ப் பலகையை இன்னும் மாட்டவில்லை. சுவரில் திருப்பிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். எப்போது மாட்டுவீர்கள் என்று கேட்டால் அதிபர், "மேலேருந்து கடிதம் வரட்டும்" என்கிறார். மாட்டாமலே போகலாம். இதை நீங்கள் என்னிடமிருந்து தெரிந்துகொள்வது நல்லது என்று எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டிருந்த மன்னிப்புக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. 2015இல் டீச்சர் செய்ததை மன்னித்துவிட்டேன். அன்று அவர் அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த வருடமும் அதே கதையாகி, நான் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டேன். பதினொரு ஜனவரியும் தூக்கித் தூக்கி எழுதியதை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். உங்களுக்கு வருத்தமாக இருக்கும். இல்லாததை எழுத என்னால் முடியவில்லை. டீச்சர் செய்து தருவதாகச் சொன்னதற்கு மேலும் நீங்கள் செய்துவிட்டீர்கள். ஆனால் அது உங்கள் கணக்கு, டீச்சருடையது இல்லை.

என் பிறப்பைப் பதிய வேண்டுமானால் முதலில் அக்காவின் மரணத்தைப் பதிய வேண்டும் என்று செயலகத்தில் சொன்னார்கள். போன வியாழக்கிழமை அப்பாவும் நானும் போனோம். எப்போது இறந்தது என்று கேட்டார்கள். பதினேழு வருடம் முந்திய திகதி அப்பாவுக்கு எப்படி நினைவிருக்கும் என்று நான் பயந்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டாயிரத்தி எட்டு, வெசாக்குக்கு மறுநாள். காலையில வேலப் பெரட்டுக்கு ஆள் கூப்புட்டாங்க, நான் போகல. ஏழு மணி இருக்கும்" என்றார். எழுதியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

அன்று பின்னேரம் திரும்பி வரும் வழியில் அம்மா குவைத்திலிருந்து பேசினார். பதிந்துவிட்டோம் என்று சொன்னேன். "இத்தன வருசம் பள்ளிக்கூடத்தில அவ பேரத்தான் கூப்புட்டாங்க. அவளும் எங்கயோ படிச்சிக்கிட்டு இருக்கான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்டி" என்றார். "ம்" என்றேன்.

நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்கி லயத்துக்கு ஏறி வந்தபோது, அத்தை குடத்தில் தண்ணீரோடு வாசலில் நின்றார். அப்பாவை உள்ளே விடவில்லை. "நில்லுண்ணே. தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு வா" என்றார். அப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுக் குனிந்தார். அத்தை குடத்தை அப்படியே கவிழ்த்தார்.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பொழுது பட்டதும் பக்கத்து லயத்திலிருந்து ஒரு சட்டியில் சோறும் பருப்பும் வந்தன. கொண்டு வந்தவர்கள் வாசலில் வைத்துவிட்டு, யாருக்கு என்று கேட்காமல் திரும்பிப் போனார்கள்.

அன்புடன்,
தனுஜா